இழுக்கும் பலமும் தாங்கும் பலமும்

சென்ற வைகாசி மாதத்தில் ஓர் இரவு, கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து என் அத்தான் தொலைபேசியிற் பேசினார். அவர் என் மூத்த தமக்கையாரின் கணவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டிலே தொழிற்சாலை ஒன்றிற் பணி புரிந்து, அண்மையில் ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. சுகம் விசாரித்து முடிந்ததும் நேரே விடயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீர் பௌதிகம் படிப்பிக்கிறவர். உம்முடைய யோசனை ஒன்று வேண்டும். ஒரு ட்ரக்கும் ஒரு ட்ரெயிலரும் வாங்கப் போகிறேன். நானும் உம்முடைய அக்காவும் மேற்குக் கரை மட்டும் போய்வர எண்ணியிருக்கிறோம். எந்த ட்ரக்கை நம்பி வாங்கலாம்?"

வாசகர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். வட அமெரிக்காவில் ட்ரக் என்று பொதுமக்கள் சொல்வது நம் ஊர் லொறியை அன்று. முன்னே ஆட்கள் இருக்கும் அறையும் பின்னே திறந்த பெட்டியும் கொண்ட பிக்கப் வண்டியையே அப்பெயரால் அழைக்கின்றனர். அதன் பின்புறத்திலே கொளுவி இழுத்துச் செல்லும் ட்ரெயிலரோ, படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த ஒரு சில்லு வீடு. ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இத்தகைய வீட்டை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது அங்கு வழக்கம். கனடாவின் கடுங்குளிருக்கு அஞ்சித் தெற்கே புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் செல்வோரைப் 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கின்றார்கள்.

அத்தான் ஏற்கெனவே ஒரு ட்ரெயிலரைப் பார்த்து வைத்திருந்தார். சாமான்கள் ஏற்றிய பின் அதன் நிறை 3,200 கிலோ. ட்ரக் ஒன்றையும் பார்த்திருந்தார். அது 4,500 கிலோ இழுக்கும் என்று விற்பனையாளரின் விளம்பரத்தாள் கூறியது. "ஆயிரத்து முந்நூறு கிலோ மிச்சம் இருக்கிறதே, பிறகென்ன?" என்பது அவருடைய வாதம். இரண்டுக்குமாகச் சேமிப்பின் பெரும் பகுதியைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "அத்தான், உங்கள் ஐயா மாட்டு வண்டில் வைத்திருந்தவர் அல்லவா? முன்பாரம், பின்பாரம் என்று அவர் சொல்வது நினைவிருக்கிறதா?"

வண்டிலில் மூட்டை ஏற்றும் மனிதர் எவரும் பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் தத்துவம் படித்தவர் அல்லர். ஆயினும், சுமை முழுவதையும் முன்னே அடுக்கினால் நுகத்தடி மாடுகளின் பிடரியை அழுத்தும் என்பதும், பின்னே அடுக்கினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாடுகளை நெரிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மாடு இழுக்கும் பாரம் வேறு. அதன் பிடரி தாங்கும் பாரம் வேறு. ஓர் எருது எவ்வளவு வலியதாயினும் அதன் பிடரிக்கும் ஓர் அளவு உண்டு.

ட்ரக்குக்கும் இதே நியதிதான். ட்ரெயிலரின் முன்முனை, ட்ரக்கின் பின்னே உள்ள கொளுவியின்மேல் அமர்கின்றது. ட்ரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு அக்கொளுவியின்மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால், அதாவது பின்பாரம் மிகுந்தால், நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்நேரத்திற் பதறி ட்ரக்கின் பிறேக்கை ஓங்கி மிதிப்பதும், சுக்கானை இங்குமங்கும் திருப்புவதும் ஆபத்தை வளர்க்கும். வேகமிதியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேரே பிடித்து, ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்குவதே முறை.

பத்து முதல் பதினைந்து வீதம் என்ற அந்தப் பங்கு ட்ரக்கின் முதுகில் ஏறும் சுமையாகும். முதுகு எவ்வளவு தாங்கும் என்பதை விளம்பரத்தாளிற் பெரிய எழுத்திற் காண இயலாது. ஓட்டுநரின் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒட்டிய சிறு தாளொன்றில் அது அச்சிடப்பட்டிருக்கும். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படலாகாது என்று ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே அங்கே எழுதப்பட்டுள்ளது. ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே நிறம் கொண்ட இரு ட்ரக்குகளுக்குள்ளும் இந்த எண் வேறுபடும். ஏனெனில், கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை முதலிய அலங்காரங்கள் ஒவ்வொன்றும் அந்த அளவிலிருந்தே கழிகின்றன.

அத்தான் மறுநாளே கடைக்குச் சென்று அத்தாளைப் பார்த்து வந்தார். அதில் இருந்தது 700 கிலோ. இருவரும் தொலைபேசியிலே கணக்குப் போட்டோம். ட்ரெயிலரின் நிறையில் நூற்றுக்குப் பதின்மூன்று என்று கொண்டாற் கொளுவியில் 416 கிலோ. கணவனும் மனைவியும் 140 கிலோ. பாரத்தைப் பங்கிடும் கொளுவிச் சட்டங்கள் 40 கிலோ. பின்பெட்டியில் மின்பிறப்பாக்கி, ஆயுதப்பெட்டி, கதிரைகள், தண்ணீர் என்று 120 கிலோ. கூட்டினால் 716 கிலோ. இழுப்பதற்கு ஆயிரத்து முந்நூறு மிச்சம். தாங்குவதற்கோ பதினாறு குறைவு! அத்தான் சிறிது நேரம் பேசவில்லை.

விளம்பரத்தாள் பொய் சொன்னது என்று நான் கூற மாட்டேன். இழுவை அளவைத் தீர்மானிப்பதற்கு அங்கே பொதுவான சோதனை விதி ஒன்று இருக்கின்றது. அச்சோதனையின்படி அரிசோனாவிலுள்ள டேவிஸ் அணைச் சாலையின் ஏற்றத்தை, 11 மைலுக்கு மேற்பட்ட தூரம், ஏறக்குறைய 3,000 அடி உயரம், வெயில் காயும் பொழுதிற் குளிரூட்டியையும் இயக்கியபடி வண்டி ஏறிக் காட்ட வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அதில் ஆட்களின் நிறையாகக் கொள்ளப்படுவது தலைக்கு 150 இறாத்தலாக இருவர் மட்டுமே. மின்பிறப்பாக்கியும் கதிரைகளும் பேரப்பிள்ளைகளின் சைக்கிள்களும் அக்கணக்கில் இல்லை. வாழ்க்கையிலோ அவையெல்லாம் உண்டு.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பெரிய சோதனை. ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குக் கனடா வழியே ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர். அதன் இறுதிப் பகுதியில் றொக்கி மலைத்தொடர் குறுக்கிடுகின்றது. அங்குள்ள கிக்கிங் ஹோர்ஸ் கணவாயின் உயரம் 1,600 மீற்றருக்கு மேல். நமது நுவரெலியாவிலும் சற்றுக் குறைவே. கடுகண்ணாவை இறக்கத்தில் லொறிச் சாரதிகள் தாழ்ந்த கியரில் இறங்குவதைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்: வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 100 ஆகக் கூடினால், வண்டியின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கிலும் அதிகமாகின்றது. அவ்வளவு ஆற்றலையும் பிறேக்குகளே வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும். ஆதலால் ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக்கு இன்றியமையாதது. ஒன்ராறியோ மாகாணச் சட்டமும் 1,360 கிலோவும் அதற்கு மேலும் நிறையுள்ள ட்ரெயிலர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

"அதெல்லாம் சரி, எந்தக் கொம்பனியை நம்பலாம்?" என்று அத்தான் விடாது கேட்டார்.

பெயரை மட்டும் நம்பி வாங்குதல் தகாது என்பதற்கு அண்மைக் காலச் செய்திகளே சான்று. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், நம்பகத்துக்குப் பேர்போன டொயோட்டா நிறுவனமே, 2022, 2023 ஆம் ஆண்டுகளுக்குரிய டன்ட்ரா ட்ரக்குகள் உட்பட ஏறக்குறைய 102,000 வண்டிகளை ஐக்கிய அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. எஞ்சினைச் செய்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்களே காரணம். 2025 ஏப்பிரலில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும், 6.2 லீற்றர் எஞ்சின் பூட்டிய, 2021 முதல் 2024 வரையான வண்டிகளில் ஏறக்குறைய 6 இலட்சத்தை அவ்வாறே திரும்ப அழைத்தது. இவை நல்ல நிறுவனங்கள் அல்ல என்பது இதன் பொருளன்று. புதிய வகை எஞ்சின் வெளிவந்த முதல் ஆண்டிலேயே முந்திக்கொண்டு வாங்காமல், இரண்டு மூன்று ஆண்டுகள் வீதியில் ஓடித் தேறியதை வாங்குவது விவேகம் என்பதே பொருள். பழைய வண்டியாயின், அதன் அடையாள எண்ணைக் கொண்டு திரும்ப அழைக்கப்பட்டதா, பழுது நீக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். எண்ணெய் மாற்றிய குறிப்புகள் ஒழுங்காக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பாரம் இழுக்கும் வண்டியில் முதலிற் சூடேறிக் களைப்பது பெரும்பாலும் கியர்ப்பெட்டியே. அதன் எண்ணெயைச் சாதாரண தவணைக்கு முந்தியே மாற்றுவதில் உலோபம் கூடாது. எந்த எஞ்சினும், கவனிப்பாரின்றி விடப்பட்டால் நம்பிக்கைத் துரோகம் செய்யும்.

இவ்வளவும் பேசி முடிந்த வேளையில் அக்காவின் குரல் கேட்டது. அவர் அதுவரை அருகிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றார்.

"தம்பி, வண்டியின் பாரமெல்லாம் கணக்குப் பார்த்தீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அத்தானுக்கு இருதயத்தில் வைத்தியம் செய்தது உனக்குத் தெரியும். நடுக்காட்டில் அவருக்கு ஒன்று நேர்ந்தால், அந்தப் பெரிய வண்டியை நான் எப்படி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

எனக்கு நாணமாகிவிட்டது. வண்டி நம்பிக்கையானதா என்று ஒரு வாரமாக ஆராய்ந்த நாங்கள் இருவரும், அதனை ஓட்டப்போகும் மனிதரின் உடலை எண்ணிப் பார்க்கவில்லை. முதுமையில் வழிப்பயணம் போகும் இருவருள் ஒருவருக்கு மட்டுமே சாரத்தியம் தெரியுமாயின், எவ்வளவு உயர்ந்த வண்டியும் அரை நம்பிக்கைக்கே உரியது. அக்கா கேட்ட கேள்வியே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

அதன்பின் தீர்மானம் எளிதாயிற்று. இதைவிடப் பெரிய ட்ரக் வாங்குவது ஒரு வழி; சிறிய ட்ரெயிலர் வாங்குவது மற்றொரு வழி. இருவரும் இரண்டாவதைத் தெரிந்தனர். ஏற்றிய நிறை 2,000 கிலோவாயின் கொளுவியில் 260. பழைய கணக்கின்படி மொத்தம் 560. எழுநூறு தாங்கும் அதே ட்ரக்குக்கு 140 கிலோ மிச்சம். பணத்திலும் ஒரு பகுதி வங்கியிலே மிச்சம்.

வாங்குமுன் பழகிப் பார்க்கும்படி சொன்னேன். ஆவணி மாதத்தில் ட்ரக்கையும் சிறிய ட்ரெயிலரையும் ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்து, ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள அல்கோங்குவின் வனப் பூங்காவுக்குச் சென்று வந்தனர். புறப்படுமுன், வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் இரண்டு நாள் பின்னோக்கிச் செலுத்தப் பழகினார்களாம். ட்ரெயிலரை வலப்புறம் தள்ளச் சுக்கானை இடப்புறம் திருப்ப வேண்டும். அத்தானுக்கு அது கைவர நேரஞ் சென்றது. அக்காவுக்கு விரைவிலே வந்துவிட்டது. வழியில் லொறிகளை நிறுக்கும் பொதுத் தராசில் ஏற்றிப் பார்த்து, நிறை எங்கள் கணக்குக்கு அண்மையில் வந்ததென்று அத்தான் மகிழ்ச்சியோடு அறிவித்தார்.

திரும்பும் வழியில் வண்டியைச் செலுத்தியவர் அக்கா. அத்தான் பக்கத்து இருக்கையில் உறங்கிவிட்டாராம். வரும் இளவேனிலில் மேற்கே புறப்படுகின்றார்கள்.