ராயபுரம் ஸ்டேஷனில் கூடுவோம்!

துறைமுகத் தோழர்களே, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தோழர்களே!

வரும் ஞாயிறு காலை எட்டு மணி. ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய முகப்பு. நைட் ஷிப்ட் முடித்தவர்களும் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள்.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த கட்டடம் அது. ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் பயணிகள் ரயில் கதை தொடங்கியதே அந்தத் தூண்களுக்குப் பின்னால்தான். நமக்கு முன்பே ரயில் விட்ட பம்பாயிலும் ஹவுராவிலும் அன்றைய முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நம் பேட்டையில் இருக்கிறது. சென்ட்ரல் வந்தது, கூட்டம் அங்கே போனது. 2005-ல் ராயபுரத்தைப் புதுப்பித்தார்கள், சரி. வண்ணம் அடித்தால் போதுமா? ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்று நம் பாட்டிகளைக் கேளுங்கள். கடலின் உப்புக்காற்றுக்கு வார விடுமுறை கிடையாது.

ஆள் புழங்கும் இடத்தை ஊரே சேர்ந்து காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கம்பிரியா மலையோரத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்றொரு சிற்றூர். அங்கே 'ஓல்ட் கிரவுன்' என்ற பழைய மதுவிடுதி கைமாறும் நிலை வந்தபோது, ஊராரும் வாடிக்கையாளர்களுமாக நூறு பேருக்கு மேல் பங்கு போட்டு, 2003-ல் கூட்டுறவாக அதை வாங்கிவிட்டார்கள். (நம்மூர் டாஸ்மாக்கை அப்படிக் காப்பாற்றச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்!) அவர்கள் காப்பாற்றியது குடியை அல்ல, கூடும் இடத்தை. ரயில் நிலையத்தை நாம் விலைக்கு வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம், அது ஏற்கெனவே நம் வரிப்பணத்துச் சொத்து. உரிமையோடு கேட்போம்.

ராயபுரத்தை முனையமாக்கு என்ற பழைய கோரிக்கையை விடப்போவதில்லை. ஆனால் முனையம் வந்தாலும் பழைய கட்டடத்தின் ஒரு தூணைக்கூட அசைக்கக் கூடாது. அதன் கூடத்தில் ரயில், துறைமுகத் தொழிலாளர்களின் வரலாற்றுக் காட்சியும் ஒரு படிப்பகமும் வேண்டும். பேப்பர் படிக்க, உட்கார்ந்து பேச, வேலை தேடும் பிள்ளைகள் பரீட்சைக்குத் தயாராக நமக்கென்று ஓர் இடம். கையெழுத்துத் தாள்கள் தயார்.

தாத்தாவின் பழைய பாஸ், சீருடைப் பித்தான், போட்டோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பீச் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். மூர் மார்க்கெட் வண்டி கொருக்குப்பேட்டை தாண்டியதும் பேசின் பிரிட்ஜ் பக்கம் போய்விடும்.