நாலு போல்ட்டுதானேனு நினைக்காதீங்க

யூடியூப்பில் கார் சீட் கழற்றுவது எப்படி என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிட வீடியோவில் எட்டு நிமிடம் கழற்றுவதுதான் ஓடும். திரும்ப மாட்டுவதற்கு ஒரே வரி: "கழட்டினதை அப்படியே ரிவர்ஸ்ல செய்யுங்க." எனக்குச் சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். காரைத் தொடாதே, ஷோரூமில் விடு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வீட்டிலேயே கழற்றுங்கள். ஆனால் மாட்டுவதுதான் இதில் பாதிக்கு மேற்பட்ட வேலை என்று தெரிந்துகொண்டு கழற்றுங்கள்.

உதாரணத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவை எடுத்துக்கொள்வோம். 1989 சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நம்மூரில் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் உலகம் முழுக்க பத்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்குச் செல்லப்பிள்ளை. இதன் சீட்டைக் கழற்ற அவர்களுக்கு நிஜமான காரணங்கள் உண்டு. மடக்கும் துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் வெளியேற சீட்டுக்குப் பின்னால் வடிகால் துளைகள் இருக்கும். அதில் இலைதழை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி கார்ப்பெட் ஊறிப்போகும். கார்ப்பெட்டை எடுத்துக் காயவைக்க சீட்டை எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, உயரமான ஆட்களுக்குத் தலை கூரையில் இடிக்கும். அவர்கள் சீட் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கிவிட்டுத் திரும்ப மூடுவார்கள். இதற்கு 'ஃபோமெக்டமி' என்று ஆபரேஷன் மாதிரி பெயரே வைத்திருக்கிறார்கள்!

முதல் தலைமுறை மியாட்டாவில் ஒரு சீட்டுக்கு நான்கு போல்ட். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் போல்ட் தெரியும், முன்னால் தள்ளினால் பின் போல்ட் தெரியும். சீட்டுக்குள் ஏர்பேக் கிடையாது. ஸ்பீக்கர் வயரை உருவிவிட்டுத் தூக்கிவிடலாம். சுலபம்தான். வீடியோவில் பார்க்கிற தைரியம் எல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி பழைய கார்களில் பழகிய தைரியம்.

2005-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் கதை மாறிவிட்டது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் வந்தது. இன்றைய பல கார்களில் பக்கத்து சீட்டுக்கு அடியில், உட்கார்ந்திருப்பது ஆளா, குழந்தையா, வெறும் பையா என்று எடை பார்த்துச் சொல்லும் சென்சாரும் இருக்கிறது. அங்கே போய் ஃபோமைச் செதுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏர்பேக் இருக்கிற சீட்டுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். பிறகு மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏர்பேக் கம்ப்யூட்டரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும். மஞ்சள் நிற கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து விளையாடவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்ட்கூட ஏர்பேக்கை வெடிக்கவைக்கலாம். சீட் வெளியே இருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பல கார்களில் அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும். மோட்டார் வைத்த சீட்டாக இருந்தால், போல்ட் தெரிகிற மாதிரி சீட்டை நகர்த்திவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். வரிசை மாறினால் பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு முதலிலிருந்து வரவேண்டியதுதான்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதுகிறது. உள்ளே 70 கிலோ ஆள். 0.6 மீட்டருக்குள் அவர் நிற்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 16 ஜி. விசை 11,000 நியூட்டனுக்கு மேல். அதாவது ஒரு டன்னுக்கும் அதிகம். பெல்ட் கொக்கி சீட்டோடு சேர்ந்த கார்களில் இதில் பெரிய பங்கு எங்கே இறங்குகிறது? அந்த நாலு போல்ட்டில்தான். அமெரிக்க விதியில், சீட் பொருத்தம் சீட்டின் சொந்த எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது சும்மா எழுதிவைத்ததில்லை.

அந்த போல்ட்டை 'நல்லா டைட்டா' வைத்தால் போதாதா? டார்க் சூத்திரம் நமக்குத் தெரியும்: டார்க் = டார்க் குணகம் × இழுவிசை × விட்டம். ஒரு 10 மிமீ போல்ட், 45 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குணகம் 0.2 என்றால் போல்ட்டின் இழுவிசை 22,500 நியூட்டன். துரு பிடிக்கக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் ஆயில் தடவுகிறீர்கள், குணகம் 0.15 ஆகிறது. அதே டார்க்கில் இழுவிசை 30,000. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது, ரெஞ்ச் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் மேனுவலில் டார்க் எண்ணோடு ஆயில் போடலாமா கூடாதா என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். நாலு போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள், ரெஞ்ச் அப்புறம். மரை ஏறுமாறாகப் போனால் கெடுவது தரையில் வெல்டிங் வைத்த நட். அதை மாற்றுவது ஒரு நாள் வேலை. கடைசியில் சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளி, இரண்டு தண்டவாளமும் ஒரே சமயத்தில் 'க்ளிக்' ஆகிறதா என்று கேளுங்கள்.

என்னைக் கோபப்படுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஏர்பேக் இருந்த சீட்டை எடுத்துவிட்டு ரேஸ் பக்கெட் சீட் போடுகிறார்கள். விளக்கு எரிகிறது. உடனே அந்த கனெக்டரில் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினால், ஏர்பேக் இருப்பதாக கம்ப்யூட்டர் நம்பிவிடும், விளக்கு அணையும். டிராக்கில் மட்டும் ஓட்டுகிற கார் என்றால் அது வேறு கணக்கு. ஆனால் அந்தக் கார் நாளைக்குக் கைமாறும். வாங்குகிறவர் டேஷ்போர்டைப் பார்ப்பார், விளக்கு இல்லை, எல்லாம் சரி என்று நம்பித் தன் வீட்டு ஆட்களை ஏற்றுவார். "என் கார், என் ரிஸ்க்" என்ற வாதம் இங்கே செல்லாது. ரிஸ்க் எடுத்தவர் ஒருவர், அனுபவிக்கப் போகிறவர் வேறொருவர். சர்க்யூட் தெரிந்த கைதான் இந்தப் பொய்யைச் சொல்ல முடியும் என்பதுதான் நமக்கு உறைக்க வேண்டும்.

முதல் வருட லேபில் மரத்தை இழைக்கிறோம், பைப் மாட்டுகிறோம், வெல்டிங் வைக்கிறோம். எதையாவது முழுக்கக் கழற்றி, மேனுவல்படி திரும்ப மாட்டி, யாராவது சோதித்து மார்க் போட்டிருக்கிறார்களா? ஸ்கிராப்பில் ஒரு பழைய கார் சீட்டும் தரைப்பகுதியும் வாங்குவது டிபார்ட்மென்ட்டுக்குப் பெரிய செலவில்லை. ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு மேனுவல், இரண்டு மணி நேரம் போதும். கழற்றியதற்கு மார்க் வேண்டாம், மாட்டியதற்கு மட்டும் கொடுங்கள் என்று உங்கள் லேப் சாரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளும்வரை, வீட்டில் கார் இருக்கிறவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம்: சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து, சீட் பக்கத்தை மட்டும் படியுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.