சிறை சென்ற அதிகாரியும் அவர் சிறைக்கு அனுப்பியவர்களும்

லண்டன் சுரங்க ரயிலின் ஓவல் நிலையத்தில் 1972ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நான்கு கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். பயணிகளிடம் திருட முயன்றதாகவும் பொலிஸாரைத் தாக்கியதாகவும் அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. பொருளைப் பறிகொடுத்தவர் என்று எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. பொலிஸாரின் சாட்சியமும், அடித்துப் பெறப்பட்டவை என்று அந்த இளைஞர்கள் கூறிய ஒப்புதல் வாக்குமூலங்களுமே வழக்கின் அடிப்படையாக இருந்தன. நால்வரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

அந்தப் பொலிஸ் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிரிட்டிஷ் போக்குவரத்துப் பொலிஸைச் சேர்ந்த டெரெக் ரிட்ஜ்வெல். அடுத்த ஆண்டே அவருடைய முறை அம்பலமானது. ஒக்ஸ்போர்டில் கல்வி கற்றுவந்த இரு ஆபிரிக்க மாணவர்களை டொட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் அவர் கைது செய்திருந்தார். 1973இல் அந்த வழக்கை நீதிபதி இடைநடுவிலேயே நிறுத்தி, பொலிஸாரின் செயலைக் கண்டித்தார்.

ஆனால் ரிட்ஜ்வெல் பதவி நீக்கம் செய்யப்படவில்லை. தபால் பைகள் திருட்டை விசாரிக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவரே தபால் பைகளைத் திருடும் கும்பலுடன் சேர்ந்துகொண்டார்; அதே காலத்தில், திருட்டுக் குற்றஞ்சாட்டி மற்றவர்களைச் சிறைக்கும் அனுப்பினார். 1980இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற அவர், 1982இல் சிறையிலேயே உயிரிழந்தார்.

உண்மையான கேள்வி இங்குதான் எழுகிறது. ஓர் அதிகாரி நேர்மையற்றவர் என்று நீதிமன்றமே முடிவு செய்தபின், அவருடைய சொல்லை நம்பித் தண்டிக்கப்பட்டவர்களின் கோப்புகளை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டியது யாருடைய பொறுப்பு? 1980இல் அதை எவரும் செய்யவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்றபின் கதவைத் திறந்தவர், அதே ரிட்ஜ்வெல்லால் 1970களில் தண்டனை பெற்ற ஒருவர். 2013இல் லண்டன் வானொலி ஒன்றின் சட்ட ஆலோசனை நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசிய அவரிடம், கைது செய்த அதிகாரியின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி கூறப்பட்டது. தேடியபோதுதான், அந்த அதிகாரி சிறை சென்ற செய்தி அவருக்குத் தெரியவந்தது. 2018 ஜனவரியில் அவருடைய தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. பொலிஸாரின் ஆவணக் களஞ்சியம் செய்யத் தவறியதை ஓர் இணையத் தேடல் செய்து முடித்தது.

ஓவல் நால்வரில் மூவரின் தண்டனைத் தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 டிசம்பரிலும், நான்காமவருடையதை 2020 மார்ச்சிலும் ரத்துச் செய்தது. இவ்வளவு காலம் எடுத்தமைக்குத் தலைமை நீதிபதி வருத்தம் தெரிவித்தார். போக்குவரத்துப் பொலிஸ் 2021இல் மன்னிப்புக் கோரியது.

1970களில் இங்கிலாந்தில் பெரும்பாலான வழக்குகளில் விசாரணை நடத்துவது, வழக்குத் தொடர முடிவு செய்வது ஆகிய இரண்டுமே பொலிஸாரின் கையில் இருந்தன. 1984ஆம் ஆண்டின் சட்டம் பொலிஸ் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்யும் முறைக்கு வழிவகுத்தது. 1986இல் அரச வழக்குத்தொடுநர் சேவை தனியாக இயங்கத் தொடங்கியது. இதில் ஒரு வினோதமும் உண்டு. பொலிஸாரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1872இலேயே இந்தியாவுக்குச் சட்டம் எழுதியவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள். இலங்கையின் சாட்சியச் சட்டத்திலும் அந்தத் தடை இருந்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் அதற்கு விலக்களித்தது. குடியேற்ற நாடுகளில் காட்டிய இந்த அவநம்பிக்கையை லண்டன் தன் சொந்தப் பொலிஸாரிடம் காட்டவில்லை.

வழக்குத் தொடுப்பைப் பொலிஸிடமிருந்து பிரித்தது மட்டும் போதுமானதாகவும் இருக்கவில்லை. விசாரணையையும் வழக்குத் தொடுப்பையும் தானே தொடர்ந்து நடத்திய தபால் நிறுவனம், 1999 முதல் 2015 வரை சுமார் 700 உப தபாலக நடத்துநர்களைக் கணினியின் பிழையான கணக்கை நம்பிக் குற்றவாளிகளாக்கியது. அவர்களில் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். கணினியில் கோளாறு இருப்பதைக் காட்டும் தகவல்கள் எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்தப்படவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறி, 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ரத்துச் செய்தது. எஞ்சியவர்களில் பெரும்பாலானோருக்காக 2024இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அரச அதிகாரிகள் உண்மையை மறைக்காமல் வெளிப்படுத்துவதைச் சட்டக் கடமையாக்கும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது பெரிதும் இனி நடக்கப்போகும் விசாரணைகளைப் பற்றியது. ஓர் அதிகாரி நேர்மையீனக் குற்றத்துக்காகச் சிறை சென்றால், அவர் கையாண்ட வழக்குகள் தாமாகவே மீளாய்வுக்கு வரவேண்டும் என்று ரிட்ஜ்வெல் வழக்குகளில் வாதாடிய சட்டத்தரணிகள் கோருவது வேறொன்று. அதற்குச் செலவாகும், பழைய தீர்ப்புகள் பல ஆட்டங்காணும். தயக்கத்துக்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

2018 முதல் 2025 வரை ரிட்ஜ்வெல்லின் வழக்குகளில் பத்துக்கும் மேற்பட்டோரின் தண்டனைத் தீர்ப்புகள் ரத்தாகியுள்ளன. 2025 ஜூலையில் விடுவிக்கப்பட்டவர் 1977இல் தண்டிக்கப்பட்ட ஒரு ரயில்வே ஊழியர். தீர்ப்பைக் கேட்க நீதிமன்றத்துக்கு வந்தது அவருடைய மகன். தந்தை 2004இலேயே இறந்துவிட்டார்.