கற்சிலைமடுக் கல்லும் வீட்டுக் கல்வெட்டும்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலத்தில் பொறித்த ஒரு கல் நெடுங்காலம் நின்றது. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி இவ்விடத்தை அண்டிக் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதிலிருந்த செய்தி. வென்றவருக்குப் பதவியும் பெயரும் இருந்தன. தோற்றவருக்குப் பெயர் மட்டும்தான். அவர் எந்த ஊரில் பிறந்தார், தாய் தகப்பன் யார், அன்றைக்கு வயது என்ன, பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்கெல்லாம் கல்லில் இடம் இருக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அந்தக் கல்லும் உடைந்து கிடந்தது.

வன்னியை ஆண்ட வன்னிமைகளின் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்றும் இருக்கின்றன. பண்டாரவன்னியனைத் தங்கள் பாட்டன் நிரையில் வைத்துத்தான் வன்னி மக்கள் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் போராளியின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடப் புறப்படுகிறவர், அவரை எதிர்த்தவர்களின் மேசைக்குத்தான் போய்ச்சேர வேண்டியிருக்கிறது.

ஒல்லாந்தர் 1782இல் வன்னியை அடக்கினார்கள். அதன் பின் முல்லைத்தீவில் இருந்து அதை நிருவகித்த லெப்டினன்ட் தோமஸ் நாகல் 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மூன்று ஆண்டுகளில் இலங்கையின் கரையோரம் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1803 யூனில் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்தது. அந்தக் கொந்தளிப்பில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினார். வொன் டிரிபேர்க்கின் காவற்படை அங்கிருந்து விரட்டப்பட்டது. பண்டாரவன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை வந்தார்கள் என்று பிரித்தானியரே எழுதி வைத்தார்கள். பிறகு பல திசைகளில் இருந்து படைகளை ஏவி, ஒக்டோபர் கடைசியில் கற்சிலைமடுவில் அவரை முறியடித்தார்கள்.

இந்த விபரங்களைத் தொகுத்து ஒரே இடத்தில் தந்தவர் ஜே. பி. லூயிஸ். சிவில் சேவை உத்தியோகத்தரான அவர் வன்னி மாவட்டங்கள் பற்றி எழுதிய கைநூல் 1895இல் வெளிவந்தது. குளம், கோயில், சாதி, காய்ச்சல், நெல் விளைச்சல் என்று அவர் தொடாத விடயமே இல்லை. வன்னி வரலாற்றை எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவருடைய கண், வரி வாங்குகிறவரின் கண். அதில் பண்டாரவன்னியன் அடக்கப்பட்ட ஒரு கலகக்காரர், அவ்வளவுதான். மனைவி, மக்கள், வயல், வழக்கு, கடன் என்று ஒரு மனிதருக்கு இருக்கக்கூடிய எதையும் அந்தப் பக்கங்களில் தேடிப் பயனில்லை.

ஆவணம் விட்ட இடைவெளியைக் கூத்தும் நாடகமும் நாவலும் நிரப்பின. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி பண்டாரவன்னியனை நாடகமாக எழுதினார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி நாவலாக்கினார். அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. பாடப்புத்தகம் பேசாத பெயரை மேடைதான் காப்பாற்றியது. ஆனால் மேடையில் வருவதெல்லாம் வரலாறு ஆகிவிடாது. பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனாக மேடையில் வரும் காக்கை வன்னியனை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாண வைபவமாலையில் அதே பெயருடையவன் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுத்தவனாக வருகிறான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுச் சண்டை அதற்கு 184 ஆண்டுகள் பிந்தியது. துரோகத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது பழைய பெயரே திரும்ப மேடையேறியது என்று கொள்வதுதான் பொருத்தம். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் பாட்டனைத் தேடுகிறவருக்குக் கிடைப்பது நாடகத்தின் பாட்டனாக இருக்கக் கூடாது.

இறப்புத் திகதியிலும் அதே சிக்கல்தான். ஒக்டோபர் 31ஐ அவர் உயிர்நீத்த நாளாகப் பலர் நினைவுகூருகிறார்கள். கல்லில் இருந்ததோ தோற்கடிக்கப்பட்டார் என்பது மட்டுமே. அதன் பின்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்து பனங்காமத்தில் இறந்தார் என்றொரு மரபும் இருக்கிறது. ஒரு நாட்டின் பெருவீரருக்கே இந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பத்துப் போர்வீரரின் கதை என்னாகும்?

அதற்கு வெளியுலகில் இரண்டு உதாரணங்கள் உண்டு. 1940 செப்டெம்பரில் ஜேர்மன் குண்டு விழுந்து இலண்டனில் போர் அலுவலகத்தின் ஆவணக் களஞ்சியம் எரிந்தது. முதலாம் உலகப் போரில் சண்டையிட்ட பிரித்தானியச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனாலும் பேரப்பிள்ளைகள் தேடுவதை நிறுத்தவில்லை. பதக்க அட்டை, ஓய்வூதியப் பதிவு, படைப்பிரிவின் நாட்குறிப்பு, தேவாலய ஞானஸ்நான ஏடு என்று வேறு வழிகளால் ஒவ்வொரு சிப்பாயாக மீட்டெடுத்தார்கள். மற்றது பஞ்சாப். அதே போருக்குப் போன ஏறத்தாழ 320,000 பஞ்சாபியரின் பெயர்கள் ஊர் ஊராக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2021இல் அவற்றின் முதற்பகுதி இணையத்துக்கு வந்தது. தங்கள் பூட்டனின் பெயரை அதில் கண்டு அழுதவர்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள்.

வன்னியிலும் இப்படித் தேட ஏடுகள் இல்லாமல் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஏடு என்று அவற்றை யாரும் நினைப்பதில்லை, அதுதான் குறை.

முதலாவது, அந்தியேட்டிக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் அந்தச் சிறிய புத்தகம் ஈழத்தமிழரின் ஒப்பற்ற குடும்ப ஆவணம். தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவே இறந்தவரின் ஊர், பெற்றோர், சகோதரர், மணவழி, தொழில் எல்லாம் வரும். பலவற்றில் கடைசிப் பக்கத்தில் வம்சாவளி மரமே இருக்கும். திதி வெண்பாவில் தமிழ் வருடம், மாதம், பக்கம், திதி நான்கும் பாட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். பஞ்சாங்கம் தெரிந்தவர் அதிலிருந்து ஆங்கிலத் திகதியை எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பாட்டனின் மரணத்தைப் பூட்டனின் காலத்தில் போட்டுவிடாமல் இருக்க, பிள்ளைகளின் வயதோடு ஒத்துப்பார்ப்பது அவசியம்.

அடுத்தது காணிப் பெர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களின் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளியின் பெயரும் உறவுமுறையும் எழுத இடம் உண்டு. அதைப் பார்த்தால் எந்த மகனுக்கு, எந்த மருமகனுக்கு நிலம் போனதென்று தெரியும். பாடசாலைச் சேர்விடாப்பில் தகப்பனின் பெயரும் தொழிலும் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக்கோயிலின் ஞானஸ்நான ஏடு இருக்கிறது. சாதகக் குறிப்பு இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலில் பண்டம் எடுப்பது முதல் கடல்நீரில் விளக்கேற்றுவது வரை ஒவ்வொரு தொண்டும் வழிவழியாக நடக்கிறது. எந்தத் தொண்டு எந்த வீட்டுக்கு உரியது என்ற கணக்குக்குள் ஒரு பரம்பரையின் வரலாறு இருக்கிறது.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தில் இருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியவர்களின் தடம் இன்னும் தூரம் போகும்: தோட்டத்துப் பதிவேட்டுக்கு, அங்கிருந்து மண்டபம் முகாமுக்கு, அதற்கும் அப்பால் ஒரு தமிழகக் கிராமத்துக்கு. இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் இருந்தது. அங்கே வேலைக்குப் போனதாக அம்மப்பா சொன்ன கதை ஒரு வீட்டில் இருந்தால், அதைச் சரிபார்க்க இலண்டனில் கோப்புகள் இருக்கின்றன.

இவ்வளவும் இருந்த வீடுகள் 2008க்கும் 2009க்கும் இடையில் என்னவாயின என்பதை வன்னி வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை சனம் ஓடியபோது, முதலில் டிரக்டரில் ஏற்றிய பெட்டகம் ஒரு ஊரில் நின்றது, சூட்கேஸ் அடுத்த ஊரில் நின்றது. கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சிலரிடம் காணி உறுதி. பதுங்கு குழித் தண்ணீரில் நனையாமல் இருக்க அதை இன்னொரு பையால் சுற்றி, பிள்ளையின் இடுப்பில் கட்டிவிட்ட தாய்மாரும் இருந்தார்கள். கல்வெட்டுப் புத்தகமும் கலியாண அல்பமும் அந்தப் பைக்குள் அடங்கவில்லை.

பின்னர் நடமாடும் சேவைகள் வைத்து அத்தாட்சிப் பத்திரங்களை மீளக் கொடுத்தார்கள். அது செய்யத்தக்க பணி, செய்யப்பட்டது. ஆனால் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்த பெயர்களை எந்தப் பதிவாளரும் மீளக் கொடுக்க முடியாது.

போரில் இறந்தவர்களைப் பற்றிய பதிவு இன்னும் மோசமாக அழிந்தது. கனகபுரத்திலும் முள்ளியவளையிலும் அளம்பிலிலும் இருந்த விடுதலைப் புலிகளின் துயிலுமில்லங்களில் கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த இயக்கத்தைப் பற்றி ஒருவர் என்ன கருத்தும் கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கற்களில் இருந்தது ஒரு பிள்ளையின் பெயரும் ஊரும் இறந்த திகதியும். தாய்க்கு அதுதான் மரணப் பதிவு. அதை உடைத்தது தவறு. 1996 யூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். மகனின் உடலைக் காணாமல், ஒரு தகவலுக்காகக் காத்திருந்து வயதாகிப்போன தாய்மார் தெற்கிலும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பணிக்குள் அந்தப் படையினரும் அடங்குகிறார்கள். காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் வன்னித் தாய்மார் அந்த அலுவலகத்தில் நம்பிக்கை வைக்கவில்லை. வீதியோரக் கொட்டில்களில் 2017இல் அவர்கள் தொடங்கிய போராட்டமே அதற்குச் சாட்சி. அவர்கள் கேட்பது பதில். அந்தப் பதில் கிடைக்காதவரை, ஒவ்வொரு வீட்டின் வம்சாவளியிலும் ஒரு பெயருக்கு எதிரே திகதி இல்லாத இடம் இருக்கும். நாற்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி அந்த இடத்தைப் பார்த்துக் கேட்கத்தான் போகிறாள்.

அவளுக்காக இப்போதே செய்ய வேண்டியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் கல்வெட்டுப் புத்தகங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் படிக்க வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பின், பிரதி இல்லாத புத்தகம் பாதி தொலைந்த புத்தகம் என்பதை ஈழத்தமிழர் படித்துக்கொண்டார்கள். அந்த வேலையை வன்னி மண்ணிலேயே செய்ய இப்போது ஓர் இடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வன்னிக்கு ஓர் ஆவண நிலையத்தை அதற்குள் அமைப்பதுதான் முறை. கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் கிடக்கும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளுக்குத் தமிழில் ஒரு அட்டவணை தயாரிப்பதும் அதன் வேலையாகலாம். ஒல்லாந்தரின் ஆவணங்களில் பெரும்பகுதியை நெதர்லாந்து இணையத்தில் போட்டுவிட்டது. அந்தப் பழைய டச்சுக் கையெழுத்தை வாசிக்க நாலு மாணவரைப் பழக்கினால், நாகல் விட்ட விபரங்களை வேறு யாராவது எழுதி வைத்தார்களா என்று தேடலாம். பண்டாரவன்னியனின் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை போடும் அமைப்புகள் அந்தச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்கள் அடுத்த நடமாடும் சேவையில் ஒரு ஸ்கானரையும் ஓர் உத்தியோகத்தரையும் தனியாக இருத்த வேண்டும். சனம் கொண்டுவரும் பழைய பெர்மிட், படம், சாதகம், கல்வெட்டு எதுவானாலும் பிரதி எடுத்து, மூலத்தை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தாளைக்கூட வாங்கி வைக்கக் கூடாது, ஏனென்றால் வாங்கியதைத் திரும்பப் பெற முடியாத அனுபவம் இந்த மக்களுக்கு நிறையவே உண்டு. வெளிநாட்டில் உள்ளவர்கள், எண்பதுகளில் ஊரில் இருந்து கடிதத்தோடு வந்த படங்களைத் தேடி எடுத்து, இரு பக்கத்தையும் படம்பிடித்து ஊருக்கு அனுப்பட்டும். பல வீடுகளில் பாட்டனின் ஒரே முகம் ரொறன்ரோவிலோ பாரிசிலோதான் இருக்கிறது. எண்பது வயதைக் கடந்த ஆச்சியோ அப்புவோ இருக்கும் வீட்டில், இந்த மாதமே ஒரு கொப்பியை எடுத்து அவர்களுக்குத் தெரிந்த பெயர்களையும் ஊர்களையும் எழுதத் தொடங்குங்கள்.