கடைசியாகச் சாப்பிடுகிறவள்

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். அறுபதைத் தாண்டியவர்களும் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பி, உலை வைத்து, எல்லோருக்கும் பரிமாறி, சட்டியின் அடியில் மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு கடைசியாக உட்காருவதும் அவர்களே.

இவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். "நாள் பூரா குனிஞ்சு நிமிர்ற உடம்புக்கு என்னத்துக்கு எக்சசைசு?" சிரிக்கிறவர்கள் ஒரு நாள் காய் எடுத்துப் பார்க்கட்டும். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு காய்ப்பது. நாளெல்லாம் குனிந்தோ குத்தவைத்தோதான் பறிக்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கு நேர் எதிர் வேலை. பந்தலுக்கடியில் கழுத்தும் கையும் மணிக்கணக்கில் மேலேயே நிற்கும். ஒரே மூட்டை ஒரே கோணத்தில் நாற்பது வருடம் தேய்ப்பதைப் பயிற்சி என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். மாதவிலக்கு நின்ற சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. தேய்ந்த மூட்டோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது.

வயதானால் அப்படித்தான் என்பது அடுத்த சாக்கு. பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 100 பேரிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. சராசரி வயது 87, பெரும்பாலோர் பெண்கள். பத்து வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்ததில் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சத்துமாவு டப்பா வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று நினைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காகச் சாப்பாடு இரண்டாம்பட்சம் ஆகிவிடாது. முதிய வயதில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தேவை என்கிறார்கள் முதுமை மருத்துவ வல்லுநர்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.) 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே. ரசம் சோற்றில் எவ்வளவு தேறும்?

அரசும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களுக்கான ரத்தசோகைப் பரிசோதனை 49 வயதோடு முடிந்துவிட்டது. பிள்ளை பெறும் வயது போனதும் அவள் ரத்தத்தைப் பற்றிய அக்கறையும் போய்விட்டது! முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய். ஓய்வூதியம் பெறுவோருக்குச் சத்துணவு மையத்தில் மதிய உணவு என்ற ஏற்பாடு மாநிலத்தில் நெடுநாளாகவே உண்டு. அதை ஊரறியச் சொல்லி, அந்தத் தட்டில் முட்டையையும் உறுதி செய்ய வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண்கள் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள்; நல்ல காரியம். அவர்களே இன்னும் ஒன்றையும் பார்க்கட்டும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? முடியாதவருக்கு, சுவரைப் பிடித்து நிற்கவும் எழுந்து உட்காரவும் சொல்லிக்கொடுக்க ஒரு காசும் செலவாகாது.

ஆனால் முதல் குற்றம் வீட்டில்தான் நடக்கிறது. "அம்மாவுக்குக் கொஞ்சம் போதும்" என்று சொல்லிச் சொல்லி அவள் பங்கைத் தின்றிருக்கிறோம். அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்தோம். உண்மையில் அது களவு. இன்று இரவு அடுப்படியில் ஒரே ஒரு முட்டை இருந்தால், மகனே, அதை அவள் தட்டில் வை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நீ எழுந்திருக்காதே.