குளக்கரையில் காத்திருப்போர்



எருசலேம் நகரில் ஆட்டு வாயிலுக்கு அருகே இருந்த பெத்சதாக் குளத்தை நாம் அனைவரும் அறிவோம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவன் அங்கே ஆண்டவரிடம் தன் குறையை எடுத்துரைத்ததை யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தண்ணீர் கலங்கும் வேளையில் தன்னை இறக்கிவிட ஆளில்லை, தான் போய்ச் சேருமுன் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்பதே அவன் முறையீடு. முந்திக்கொண்டவர் கொடியவர் அல்லர்; அவரும் நோயாளியே. ஆனால் கரையில் இன்னொருவன் கிடக்கிறான் என்பதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்பகுதியைப் பீடத்தருகே நின்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். ஆயினும் அது நம் நெஞ்சில் உறைத்தது 2023-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டில், கார் நிறுத்துமிடம் ஒன்றில்தான்!

கொலராடோ மாநிலத்தில் பங்குத்தந்தை ஒருவர் விடுமுறையில் சென்றிருந்தார். அவருக்குப் பதிலாகப் பணியாற்ற நாம் சென்றிருந்தோம். அப்பங்குக்கு உரியது மின்சாரத்தால் ஓடும் கார். ஒரு மாலை மருத்துவமனைக்கு நோயாளியைச் சந்திக்கச் சென்றபோது, அங்கிருந்த மின்னேற்றுக் கம்பத்தில் காரை இணைத்துவிட்டு உள்ளே போனோம். நோயில்பூசுதல் அளித்தோம்; உறவினரோடு சேர்ந்து செபித்தோம். ஏழு மணிக்கு மின்கலம் நிறைந்துவிட்டதென்று கைப்பேசி அறிவித்தது. நாமோ அதைச் சட்டைப்பையில் இட்டுவிட்டு, அக்குடும்பத்தாரோடு காப்பி அருந்தி, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

எட்டேகால் மணிக்கு வெளியே வந்தால், நம் காருக்குப் பின்னால் மற்றொரு மின்கார் நின்றது. அதில் செவிலியர் உடையில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்தவர்; மலைப்பக்கம் நெடுந்தொலைவில் வீடு; மின்கலத்திலோ அவ்வளவு தூரம் செல்ல மின்சாரம் இல்லை. இருந்த கம்பங்கள் இரண்டு. ஒன்றின் முன்னே பெட்ரோல் கார் ஒன்று நின்றது. மற்றதை நிறைந்த மின்கலத்தோடு நாம் அடைத்துக்கொண்டிருந்தோம். அவர் கோபிக்கவில்லை. நம் கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டு, “தந்தையே, தாங்கள் புறப்படுகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். “ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்றிருந்தோம்” என்றோம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. கடைசி ஒரு மணி நேரம் நம்மைப் பிடித்து வைத்தது திருவருட்சாதனம் அன்று, காப்பியே!

மறுநாள் அம்மாநிலச் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 2019-இல் இயற்றப்பட்ட அச்சட்டப்படி, மின்னேற்றத்துக்கென அறிவிப்புப் பலகையோடு ஒதுக்கிய இடத்தில் வேறு தேவைக்காக வண்டியை நிறுத்தலாகாது. முப்பது நிமிடத்துக்கு மேல் மின்சாரம் ஏறாமல் நின்றாலே அது மின்னேற்றத்துக்காக நிற்கவில்லை என்று கொள்ளப்படும். அபராதம் 150 டாலர். பெட்ரோல் காரை நிறுத்தியவரும், மின்கலம் நிறைந்தபின் எடுக்காமல் விட்டவரும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளிகளே. நாம் அயலார் காரை முறைத்துப் பார்த்தோம். நம் காரும் அதே தட்டில்தான் இருந்தது!

அச்சட்டத்தில் இரக்கமும் உண்டு. இரவு பதினொரு மணி முதல் காலை ஐந்து மணி வரை நிறைந்த காரை அங்கேயே விட்டுவைக்கலாம். உறங்குகிறவரை எழுப்பச் சட்டம் விரும்பவில்லை. தங்கும் விடுதியில் இரவைக் கழிக்கும் விருந்தினருக்கும், விமான நிலையத்தில் காரை விட்டுப் பயணம் செல்வோருக்கும் விலக்கு உண்டு. காப்பி அருந்தும் குருவுக்கு மட்டும் விலக்கு இல்லை.

இத்தகைய விதி ஏன் வேண்டும்? பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மின்காருக்கோ விரைவு நிலையத்திலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடும். சாதாரணக் கம்பத்தில் பல மணி நேரம் செல்லும். ஆகவே ஒருவரின் அசட்டை அடுத்தவரின் மாலைப்பொழுதையே விழுங்கிவிடும். இதனால் பல இடங்களில் சட்டம் பிறந்தது. கலிபோர்னியாவில் மின்னிணைப்பு இன்றி அவ்விடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது. வாஷிங்டன் மாநிலம் 124 டாலர் அபராதம் விதிக்கிறது. ஜெர்மனியில் மின்கார்களுக்குரிய இடத்தை மற்றவர் அடைத்தால் 55 யூரோ என 2021-இல் விதி செய்தார்கள். டெஸ்லா நிறுவனமோ காவலரை எதிர்பாராமல், நிறைந்த பின்னும் நிற்கும் காருக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் முறையை 2016 டிசம்பரில் தொடங்கியது.

ஆயினும் ஒவ்வொரு கம்பத்தருகிலும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அன்று மாலை நம்மைப் பிடிக்க எவரும் வரவில்லை. அபராதச் சீட்டும் கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் ஒருவேளை 150 டாலரைச் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததென்று மறந்திருப்போம். அந்தப் பெண்மணியின் களைத்த முகமோ இன்னும் மறக்கவில்லை.

சட்டம் என்பது பொதுநலனுக்காக அறிவு வகுத்த ஒழுங்கு என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1965-இல், ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், இன்னும் நேராகவே பேசியது. உடல்நலம் காக்கும் விதிகளையும் வண்டியோட்டும் விதிகளையும் அற்பமென எண்ணுவோர் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஊறு செய்கிறார்கள் என்று சங்கத் தந்தையர் கண்டித்தார்கள். சாலை விதியும் அயலார் அன்பின் ஒரு கூறே என்பது இதனால் விளங்கவில்லையா?

நம் நாட்டிலும் பெட்ரோல் பங்குகளிலும் வணிக வளாகங்களிலும் மின்னேற்றுக் கம்பங்கள் தோன்றிவருகின்றன. “இடம் காலியாகத்தானே கிடக்கிறது, ஐந்து நிமிடம்தானே” என்று நம் ஸ்கூட்டரை அதன் முன்னே நிறுத்த மனம் தூண்டும். மின்கார் வாங்கும் வசதியில்லாதோர் இவ்விதி நமக்கன்று என்று எண்ணவும் வேண்டாம். மருத்துவமனை நுழைவாயிலை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிளும், திருவிழா நாளில் ஆலய வாசலை மறிக்கும் காரும், பேருந்தில் முதியோர் இருக்கையில் கண்மூடி அமர்ந்திருக்கும் இளைஞனும் அதே குளக்கரையில்தான் இருக்கிறார்கள்.

செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதற்காகவும் திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொள்கிறோம். அந்த வேளையில் இப்போது நமக்கு ஒரு கார் நினைவுக்கு வருகிறது. நமக்குரிய பங்கு நிறைந்தபின் எழுந்து இடம் விடுவது பெரிய புண்ணியம் அன்று, சாதாரண நீதியே. அதைக் காவலர் வருமுன், கேட்கப்படுமுன் செய்தால் மட்டுமே அது அன்பாக மலரும்.

இவ்வாரம் நாம் எவருடைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம்? இரவுச் செபத்தின்போது குடும்பமாக ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.