பிள்ளை கையில் 340 அடி வேகம் எதற்கு?

பெற்றோர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கத்தையும் இந்தியாவே வென்றது. ஜோதி சுரேகாவையும் ஓஜஸ் தேவ்தலேயையும் டிவியில் பார்த்த பிள்ளை வில் கேட்கத்தான் செய்யும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது. ஆசைப்படட்டும், கற்கட்டும். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

என் கோபம் வேறு. என்னிடம் படித்த ஒரு நெசவாளி, மகனுக்கு வில் வாங்க நகையை அடகு வைக்கப் போகிறேன் என்றார். "நொடிக்கு 340 அடி போகிற வில்தான் வேண்டும், மற்றதெல்லாம் வேஸ்ட்" என்று பயிற்சி தருபவர் சொன்னாராம். அம்பு வலை இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் போடுவாங்க சார்" என்றார்.

அந்த 340 எங்கிருந்து வருகிறது தெரியுமா? 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு. இந்தக் கணக்கில் சோதித்துத்தான் பெட்டியில் எண் போடுகிறார்கள். வளர்ந்த ஆணுக்கான அளவு அது. உங்கள் பிள்ளையின் கை நீளத்துக்கும் பலத்துக்கும் அந்த வேகம் வரவே வராது. போட்டி விதியோ 60 பவுண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. வராத வேகத்துக்கு ஏன் வட்டி கட்ட வேண்டும்?

இன்னொன்று. இந்த அதிவேக வில்களின் பெரிய சந்தை அமெரிக்க வேட்டைக்காரர்கள். மான் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது என்று தெரியாதபோது, அம்பு நேராகப் போனால் கணிப்பில் வரும் பிழை குறையும். நம் நாட்டில் 1972 சட்டப்படி வேட்டையே குற்றம். நம் பிள்ளைகள் தயாராகும் போட்டியில் தூரம் 50 மீட்டர் என்று நிலையாக இருக்கிறது. சைட்டை ஒருமுறை சரியாக வைத்தால் போதும்.

வேகம் கூட்ட அம்பை இலேசாக்குகிறார்கள். இங்கேதான் ஆபத்து. இழுத்த வில்லில் சேர்ந்த ஆற்றலை அம்புதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அம்பு இலேசாக இருந்தால் மிச்ச ஆற்றல் வில்லின் கைகளிலும் சக்கரத்திலும் நாணிலும் அதிர்வாக இறங்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர், ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னாவது அம்பு எடை வேண்டும் என்கிறார்கள். 40 பவுண்டு வில் என்றால் குறைந்தது 200 கிரெய்ன். அம்பே இல்லாமல் நாணை விட்டால் மொத்த ஆற்றலும் வில்லுக்குள்ளேயே வெடிக்கும். நாண் அறுந்து, வில் பிளந்து, முகத்தில் அடித்த கதைகள் இப்படி வந்தவைதான். வேடிக்கை பார்க்க வந்த பையன் கையில் வில்லைக் கொடுக்கவே கூடாது.

காம்பவுண்ட் வில்லின் சக்கரம் ஒரு மாயம் செய்கிறது. 50 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின், 80 சதவீதத் தளர்வில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். பிள்ளைக்கு "லேசா இருக்கு" என்று தோன்றும். கை உணராத அந்த 40 பவுண்டு எங்கும் போய்விடவில்லை.

2020 ஜனவரியில் அசாமில் பயிற்சியின்போது ஒரு சிறுமியின் கழுத்தருகே அம்பு பாய்ந்தது. விமானத்தில் டெல்லி எய்ம்ஸுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். நொடிக்கு 340 அடி என்றால் மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம்.

"கிரிக்கெட்டில் அடிபடவில்லையா?" என்று கேட்பீர்கள். படுகிறது. அதனால்தான் ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையை வலைப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டீர்கள். அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள் என்கிறேன். "வேகமான வில்லுக்குக் காற்றில் அம்பு குறைவாக விலகும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஒழுங்காகப் பயிற்சி செய்யாத பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எந்தப் பதக்கமும் தராது.

பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்:

இலக்குக்குப் பின்னால் வலையோ மண்மேடோ இருக்கிறதா? விசில் ஒழுங்கு உண்டா? ஒரு விசிலுக்கு எய்யத் தொடங்குவது, மூன்றுக்கு அம்பு எடுக்கப் போவது, ஐந்துக்கு எல்லாரும் உடனே நிறுத்துவது. எய்யும்முன் கார்பன் அம்பை வளைத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒடித்துப் போடுகிறார்களா? விரிசல் அம்பு வில் பிடித்த கையிலேயே ஏறும். வில்லின் கைகளில் பஞ்சைத் தடவிப் பார்க்கிறார்களா? பஞ்சு சிக்கினால் அங்கே சிலும்பு, விரிசல் தொடங்கிவிட்டது. வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விடுகிறார்களா? ஒட்டுகள் விடும்.

நாணைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை நைந்தாலே கண்டுபிடிக்கும் கண் நமக்கு. அதே கண்ணோடு நாணைப் பாருங்கள். இழை சிலும்பினால் மெழுகு பூசுங்கள், ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள்.

அந்த நெசவாளியிடம் நகையை அடகு வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு ஏற்ற இழுவிசையில் மிதமான வில், கனமான அம்பு, அதன்பின் வலை. வலை இல்லாத இடத்துக்கு நாளையிலிருந்து அனுப்பாதே என்றும் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பிள்ளையை வில்வித்தைக்கு அனுப்பும் யாராவது தெரிந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏனாத்தூர்